மலையை விலைக்கு வாங்கிய ஊர்

"இன்னைக்கு என்ன தேதிங்க மாமா?"

சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு அக்கா மகன் கேட்டான். பதினாறு என்றேன். "போச்சு" என்று ஹெல்மெட்டைக் கழற்றினான்.

எதிரே ஓடையை ஒட்டிக் கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதை. மூச்சிரைக்க ஏறி வந்ததே இதில் இறங்கத்தான். பாதையின் வாயில் ஒரு பலகை. ஒற்றைப்படைத் தேதிகளில் இங்கே சைக்கிள் மட்டும், அதுவும் மேலிருந்து கீழே ஒரே திசையில். இரட்டைப்படைத் தேதிகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அது நடப்பவர்களின் நாள். கேட் இல்லை, சங்கிலி இல்லை, காக்கிச்சட்டை போட்ட யாரும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல்லும் நாங்கள் இரண்டு பேரும்தான். "யாரும் பாக்கலையே, போயிரலாமா?" என்றேன். மேட்டுப்பாளையத்துக்காரன் புத்தி. அவன் பதில் சொல்லவில்லை. திரும்பி நின்று தண்ணீர் குடித்தான். நானும் என் சைக்கிளைத் திருப்பினேன்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துத் தலைநகர் பாய்சி. மெமரி சிப் செய்யும் மைக்ரான் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே என்பதால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர்; மற்றவர்கள் வரைபடத்தில் தேடவேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர் உயரம். ஊரின் வடக்கிலும் கிழக்கிலும் வீடுகள் முடிகிற இடத்தில் குன்றுகள் தொடங்கிவிடுகின்றன. அவற்றைத் தாண்டினால் போகஸ் பேசின் என்ற பனிச்சறுக்கு மலை. அதன் உச்சியான ஷேஃபர் பியூட் சுமார் 2,300 மீட்டர், அதாவது ஊட்டிக்கு ஒரு பிடி மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து பார்க்க நீலகிரி எப்படியோ, பாய்சிக்காரர்களுக்கு அந்த மலை அப்படி. வித்தியாசம் மழையில். இங்கே வருடத்துக்கு 300 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. அடிவாரம் முழுக்க வெளிறிய பச்சையில் சேஜ் புதர், பழுப்புப் புல், பொடிந்த கிரானைட் மணல். பச்சை வேண்டுமென்றால் மேலே பைன் காட்டுக்குப் போகவேண்டும்.

இந்தக் குன்றுகளில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மண் பாதைகள் இருக்கின்றன. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடப்பவரிலிருந்து, பாறையிலிருந்து பாறைக்குச் சைக்கிளோடு குதிக்கிற இளவட்டம் வரை எல்லாருக்கும் அங்கே ஏதாவது உண்டு. ஒரு மாதம் அக்காவோடு இருக்கலாம் என்று போனவன் நான். கடைசியாக மலையில் சைக்கிள் மிதித்தது கல்லூரி நாளில், அதுவும் கல்லாறு வரை. வயது 54. முழங்காலுக்கு அபிப்பிராயங்கள் உண்டு.

பச்சை வட்டம், கறுப்பு வைரம்

முதல் நாள் என்னைக் கூட்டிப்போனது அக்கா மகன் அல்ல, அவன் மகள். ஒன்பது வயது. "தாத்தா, பச்சை மார்க் போட்டிருந்தா பயப்படவேண்டாம். நீலம்னா என்கிட்ட கேளுங்க. கறுப்புன்னா அப்பாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள். மலைச் சைக்கிள் உலகத்தின் பாதி இலக்கணம் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும்.

அடையாளங்கள் பனிச்சறுக்கிலிருந்து கடன் வாங்கியவை. 1988-இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் அவற்றுக்கு அளவு குறித்து வைத்திருக்கிறது. வெள்ளை வட்டம் மிக எளிது: பாதை ஆறடி அகலம், தளம் கெட்டி. பச்சை வட்டம் என்றால் மூன்றடி. சராசரி ஏற்றம் நூற்றுக்கு ஐந்துக்குள். வழியில் கிடக்கும் கல்லோ வேரோ இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. நீலச் சதுரத்தில் அகலம் இரண்டடி, ஏற்றம் பத்துக்குள், தடைகள் எட்டு அங்குலம் வரை. கறுப்பு வைரம் வந்தால் ஓரடிப் பாதை, பதினைந்துக்குள் ஏற்றம், பதினைந்து அங்குலப் பாறை. இரட்டைக் கறுப்பு வைரம் அரையடி அகலத்துக்கும் போகும். அதை நான் படத்தில்தான் பார்த்தேன், அதுவே போதும்.

படித்துப் பார்க்கச் சுலபமான கணக்கு. ஆனால் இரண்டடி என்பது சைக்கிள் கைப்பிடியின் அகலத்தைவிடக் குறைவு. இன்றைய மலைச் சைக்கிளின் ஹேண்டில்பார் இரண்டரை அடி இருக்கும். அப்படியென்றால் பாதை சக்கரத்துக்குத்தான், கைப்பிடி புதருக்கு மேலேயே மிதந்து வரும். ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் முழங்கையை உரசும் சேஜ் கிளை. நசுங்கினால் கற்பூரமும் துளசியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. வீட்டுக்கு வந்த பிறகும் சட்டையில் அது இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நிறம் என்பது அந்தந்த ஊரின் கணக்கு. ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரில் கறுப்பாக இருக்கலாம். யூட்டா மாநிலத்து மோவாபில் ஸ்லிக்ராக் என்று ஒரு பாதை இருக்கிறது. 1969-இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகக் குறிக்கப்பட்டது. பத்தரை மைல் சுற்றும் வெறும் மணற்பாறை. லாடம் அடித்த குதிரைக்கு வழுக்கியதால் அந்தப் பெயர். ரப்பர் டயருக்கோ உப்புத்தாள் மாதிரி பிடித்துக்கொள்ளும். அங்கே புதியவர்களுக்கென்று ஒரு பயிற்சிச் சுற்றும் உண்டு. அந்தப் பயிற்சிச் சுற்றே பலருக்கு மூச்சு வாங்கவைக்கும் என்பதுதான் வேடிக்கை. ஆகவே புது ஊருக்குப் போனால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முதல் நாள் உங்கள் நிறத்துக்கு ஒரு படி கீழே ஓட்டுவது நல்லது. என் பேத்தி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

நம் வனத்துறை 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்தது நினைவிருக்கலாம். அவை நடைப்பாதைகள், வழிகாட்டியோடு போகிறவை. சைக்கிளுக்கு அப்படி ஒரு பட்டியல் நம்மிடம் இல்லை. தேயிலைத் தோட்டத்து மண்சாலையில் தெரிந்தவர் தயவில் ஓட்டுவதுதான் நடக்கிறது.

பிரேக்கில் கிளம்பிய புகை

மலையில் சைக்கிள் ஓட்டுவது எங்கே தொடங்கியது என்பதற்குப் பல ஊர்கள் சொந்தம் கொண்டாடும். அதிகம் சொல்லப்படும் கதை கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் நடந்தது. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் 1930-40-களின் கனத்த ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, டமால்பாயஸ் மலைப்பக்கத்துத் தீயணைப்பு மண்சாலைகளில் உருட்டிவிட்டு இறங்குவார்கள். ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சாலை. இரண்டு மைலுக்குச் சற்று அதிகம், 1,300 அடி இறக்கம். 1976 அக்டோபர் 21 அன்று அதில் கடிகாரம் வைத்துப் பந்தயம் நடத்தினார்கள். பந்தயத்தின் பெயர் ரீபேக்.

அந்தப் பெயருக்குக் காரணம் பிரேக். பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்து ஹப் பிடிக்கும் பழைய வகை. ஒருமுறை இறங்கினாலே ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் கொதித்துப் புகையாகப் போய்விடும்; மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே காரை இறக்கியவர்களுக்கு அந்த வாசனையை விவரிக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ ப்ரீஸ், பழைய சட்டத்தை நம்பாமல், 1977-இல் மலைக்கென்றே ஒரு சைக்கிளைக் கையால் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் டாம் ரிச்சி செய்த சட்டங்களை வைத்து "மவுன்டன்பைக்ஸ்" என்ற பெயரில் கடை போட்டார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரைப் பெருமளவில் தயாரித்து விற்றது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் வந்தது. இருபது வருடத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒலிம்பிக் வரை.

இந்த வெற்றிக்கதைக்கு ஒரு பின்பக்கம் உண்டு. 1980-களில் மரினில் சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் ஆகவில்லை. வளைவில் திடீரென்று பாய்ந்து வரும் சைக்கிளைக் கண்டு குதிரை மிரண்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டுமா? டமால்பாயஸ் மலையின் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கு மூடப்பட்டன. பிறந்த வீட்டிலேயே பிள்ளைக்கு இடமில்லாமல் போயிற்று. பாய்சியின் தேதிப் பலகையை இந்தப் பின்னணியோடு படித்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஒரு கோடி டாலர் ஓட்டு

பாய்சியிலும் சண்டை வராமல் இல்லை. குன்றுகளில் பாதைகள் முன்பே இருந்தன. மாட்டுத்தடம், ஆட்டுத்தடம், மோட்டார் சைக்கிள் கிழித்த கோடு என்று அவரவர் போட்டவை. அந்த நிலம் ஒருவருடையது அல்ல. கொஞ்சம் நகரத்துக்கு, கொஞ்சம் மாவட்டத்துக்கு, கொஞ்சம் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்கு, மேலே வனத்துறைக்கு, நடுவில் தனியார் பட்டா. பாதைக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஒரே பாதை நான்கு உடைமைகளுக்குள் புகுந்து வரும். 1992-இல் இந்தத் துறைகள் ஒரு உடன்படிக்கை செய்து "ரிட்ஜ் டு ரிவர்ஸ்" என்ற ஒரே அமைப்பின் கீழ் பாதைகளைக் கொண்டுவந்தன. மலைமுகட்டிலிருந்து ஆறு வரை என்று பொருள். நான்கு துறை சேர்ந்து ஒரு கோப்பை நகர்த்துவது எப்படி என்று நம் ஊரில் பார்த்தவர்களுக்கு, இதுவே முதல் அதிசயம்.

1996 ஆகஸ்டில் குன்றுகளில் பெருந்தீ. பதினைந்தாயிரம் ஏக்கர் அளவுக்கு எரிந்தது. புல்லும் புதரும் போனால் மணல் மலை மழைக்கு நிற்காது, சேறாக ஊருக்குள் இறங்கிவிடும். 1959-இல் அப்படி ஒருமுறை இறங்கியும் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஊர் வீங்கிக்கொண்டிருந்தது. வீட்டுமனைகள் சரிவில் ஏறத் தொடங்கின.

2001 மே மாதம் நகரவாசிகளிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. இரண்டு வருடத்துக்குச் சொத்து வரியோடு கூடுதலாகக் கட்டுவீர்களா? மொத்தம் ஒரு கோடி டாலர். அதை வைத்து அடிவாரத்து நிலத்தை வாங்கிக் கட்டடம் வராமல் காப்போம். ஏறத்தாழ அறுபது சதவீதம் பேர் சரி என்று ஓட்டுப் போட்டார்கள். தன் மேல் தானே வரி போட்டுக்கொள்ள ஓட்டு! பதினான்கு வருடம் கழித்து, 2015-இல், மறுபடி ஒரு கோடி டாலருக்குக் கேட்டபோது ஆதரவு இன்னும் கூடியிருந்தது. முதல் வரிப்பணத்தைக் கொண்டு பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டது. மொத்தமும் ரொக்கம் கொடுத்து வாங்கியதல்ல. இனாமாக வந்தது, மாற்றிக்கொண்டது, கட்டட உரிமையை மட்டும் எழுதி வாங்கியது என்று பல வகை.

இதைச் சொல்லும்போது எல்லாரும் தேவர்கள் என்று நினைக்கவேண்டாம். பாதை தொடங்கும் தெருக்களில் வீட்டு விலை என்னவென்று அக்கா மகனிடம் கேட்டேன். "அங்கெல்லாம் நம்மளால முடியாதுங்க மாமா" என்றான். சம்பளத்துக்குக் குறையில்லாத பையன். மலையைப் பொதுவாக்கிய ஊரில், மலையோரம் குடியிருப்பது பொதுவாக இல்லை. நாங்களும் மற்ற பலரைப்போல, காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டுதான் பாதைக்குப் போனோம்.

தண்ணீர் படித்தவர்கள்

எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டுவதல்ல, பாதையின் மண்வேலை. அப்பா விவசாயி, வரப்பு எங்கே உடையும் என்று பார்த்து வளர்ந்த கண்.

மலையில் பாதை வெட்டுகிறவனுக்குப் பகை சைக்கிள் டயர் அல்ல, தண்ணீர். பாதை நேரே சரிவில் இறங்கினால், அடுத்த மழையில் அது வாய்க்கால். இரண்டு மழையில் முழங்கால் ஆழ ஓடை. அதனால் பாதையைச் சரிவுக்குக் குறுக்கே, மலையின் இடுப்பைச் சுற்றிய அரைஞாண் மாதிரி வெட்டுகிறார்கள். கணக்கு ஒன்று உண்டு: மலைச்சரிவு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. நூற்றுக்கு பதினாறு சரிவு என்றால் பாதை எட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் குறுக்கே கடக்காமல் பாதையையே பிடித்துக்கொண்டு ஓடும். மொத்தத்தில் சராசரி பத்துக்குள் இருந்தால் பாதை பல வருடம் நிற்கும்.

அடுத்தது, பாதையின் தளத்தை வெளிப்பக்கம் லேசாகச் சாய்ப்பது, நூற்றுக்கு ஐந்து. நம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். பிறகு, ஏறிக்கொண்டே போகும் பாதையை அங்கங்கே நாலைந்து தப்படி இறக்கி மறுபடி ஏற்றுவது. சைக்கிளில் போகும்போது அது ஒரு சின்ன ஊஞ்சல் மாதிரி இருக்கும். பேத்தி அதில் கத்திக்கொண்டே போவாள். அதன் உண்மையான வேலை, பள்ளத்தில் சேரும் தண்ணீரை அங்கேயே வெளியே தள்ளுவது. வேடிக்கைக்கு என்று நான் நினைத்தது முழுக்க வடிகால்.

வேலைக்கு இரண்டு கருவிகள். ஒன்று மெக்லவுட்: ஒரு பக்கம் கனத்த சீப்புப்பல், இன்னொரு பக்கம் களைவெட்டி. மற்றது புலாஸ்கி: ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் மண்வெட்டி வாய். இது இதே மாநிலத்து வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரால் நிற்பது. 1910-இல் ஐடஹோவின் வாலஸ் பக்கம் காடே எரிந்தபோது, தன் ஆட்களைச் சுரங்கக் குகைக்குள் கூட்டிப்போய் வாயிலைக் காத்து நாற்பது பேரளவில் உயிர் தப்பவைத்தவர். தீயணைக்க வந்த கருவி, இன்று விளையாட்டுப் பாதை வெட்டுகிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். நம் மண்வெட்டியை நம்பி வளர்ந்த தோளுக்கு அதன் எடை முன்பாரமாக இருந்தது. பத்து வெட்டில் பழகிவிட்டது.

குளிர்காலத்தில்தான் பாதைக்குச் சோதனை. மணல் பாதைகள் ஈரத்தைக் குடித்துவிடும். கீழே சில இடங்களில் களிமண். பழங்காலத்து ஏரியின் படிவு. பனி உருகினால் அது டயரில் இட்லி மாவாக ஒட்டும், ஓட்டியவர் விட்டுப்போன தடம் காய்ந்து கல்லாகிவிடும், கோடையெல்லாம் அது கணுக்காலைத் திருப்பும். "பின்னால தடம் விழுதுன்னா திரும்பிரணுங்க மாமா. அதுதான் ரூல்" என்றான் அக்கா மகன். விடிகாலையில் மண் உறைந்திருக்கும்போது போய், உருகுமுன் திரும்புகிறவர்களும் உண்டு. அவனும் அலுவலகம் போகுமுன் இருட்டில் லைட் கட்டிக்கொண்டு ஓட்டுவானாம். இவன்தான் பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப அக்காவைத் தண்ணீர்ச் செம்பு எடுக்கவைத்தவன்.

கல்லைப் பார்க்காதே

பச்சையில் மூன்று நாள் ஓட்டியபின் எனக்கு நீலத்துக்குப் பதவி உயர்வு. அக்கா மகன் எனக்குக் கொடுத்தது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில். அவனுடையது முன்பின் இரண்டும் அமுங்குவது. அந்த விலைக்கு நம் ஊரில் மோட்டார் பைக்கே வாங்கலாம். தொடங்குகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை. டயர் அகலமாக, காற்று குறைவாக, பிரேக் டிஸ்காக இருந்தால் போதும்.

ரோட்டில் சைக்கிள் ஓட்டியவன் மலையில் செய்யும் முதல் தப்பு, உட்கார்ந்தே இறங்குவது. இறக்கத்தில் சீட் உட்கார அல்ல. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்க, அதன் மேல் எழுந்து நின்று, முழங்காலும் முழங்கையும் மடங்கி, இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளவேண்டும். கைவிரல் ஒன்றுதான் பிரேக்கில், மற்றவை பிடியில். இறுக்கிப் பிடித்தால் கல்லின் அடி நேரே தோளுக்கு ஏறும்.

இரண்டாவது தப்பு கண்ணில். பாதை நடுவே தேங்காய் அளவில் ஒரு கல். அதை விலக்கவேண்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன். சைக்கிள் நேரே அதன் மேல் ஏறியது, முன்சக்கரம் திரும்பியது, நான் புதரில். தொடையில் சிராய்ப்பு, முழங்கையில் மணல். "கல்லப் பாக்காதீங்க மாமா, கல்லுக்குப் பக்கத்துல இருக்கிற வழியப் பாருங்க" என்றான் மேலே நின்று. மறுபடி ஏறிப்போய், அதே கல்லுக்கு இடப்பக்கம் ஒரு சாண் மண்ணை மட்டும் பார்த்தபடி இறங்கினேன். கல் எங்கே போனதென்றே தெரியவில்லை. மூன்றாவது முறையும் போனேன், காரணமில்லாமல்.

கறுப்பை எட்ட நின்று பார்த்ததோடு சரி. பாய்சியில் ஒரு பாதைக்கு "ஹார்டு கை" என்றே பெயர், முரட்டு ஆள். பெயரிலேயே எச்சரித்துவிடும் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கோடையில் பத்து மணிக்கு மேல் அடிவாரம் அடுப்பு. ஜூலையில் 35 டிகிரி சாதாரணம். அப்போது ஊர் மேலே போகிறது. போகஸ் பேசினில் பனிக்காலத்துக்கான லிஃப்ட், வெயில் காலத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறும். ஏறும் கஷ்டம் இல்லாமல் இறங்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு அது சொர்க்கம். எனக்கென்னவோ ஏறாத மலையில் இறங்குவது கடன் வாங்கிய சட்டை மாதிரி. மலையைச் சுற்றி வரும் பதினாறு கிலோமீட்டர் பாதை ஒன்று அங்கே இருக்கிறது. பைன் நிழல், ஈர மண், தூரத்தில் மடிப்பு மடிப்பாக மலைகள். அங்கும் சைக்கிள் ஒரே திசையில்தான், கடிகார முள்ளுக்கு எதிராக. எதிரே சைக்கிள் வராது என்று தெரிந்தால் வளைவில் மனசு எவ்வளவு லேசாகிறது என்று அன்றுதான் புரிந்தது.

மற்ற இடங்களில் வழி விடும் முறை ஒன்று உண்டு. சைக்கிள் எல்லாருக்கும் விடவேண்டும். நடப்பவர் குதிரைக்கு விடவேண்டும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு விடவேண்டும். இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். குன்னூர் ரோட்டில் எந்த பஸ் டிரைவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

எல்லாருக்கும் மேலே இன்னொருவர் உண்டு. வசந்தத்தில் ஆட்டு மந்தைகள் இந்தக் குன்றுகள் வழியே மேய்ச்சலுக்கு மலையேறும். ஒருகாலத்தில் ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் மக்கள் மேய்த்தார்கள். இப்போது பெரு நாட்டிலிருந்து வரும் ஆட்கள். மந்தையோடு வெள்ளை நிறப் பெரிய காவல் நாய்கள். அவற்றுக்குச் சைக்கிள் என்றால் ஓடும் ஓநாய். இறங்கி, சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, மெதுவாக நடந்து கடந்துவிடு என்பதே அறிவுரை. இராமநாதபுரத்துக் கீதாரிகளின் கிடையைத் தாண்டி இரவில் சைக்கிளில் போனவர்கள் இதை யாரும் சொல்லாமலே செய்திருப்பார்கள்.

நெருஞ்சி

அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பியதற்கு மறுநாள் பதினேழு. ஒற்றைப்படை. விடிந்ததும் கிளம்பினோம்; கார் நிறுத்துமிடத்திலேயே என் முன்டயர் உஸ் என்றது. அக்கா மகன் குனிந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் கையில் வைத்தான். "கோட்ஹெட்" என்றான். ஆட்டுத்தலை. இரண்டு கொம்போடு ஆட்டு முகம் மாதிரி இருக்குமாம்.

எனக்கு ஆடு தெரியவில்லை. பருத்திக்காட்டில் செருப்பில்லாமல் நடந்த பையன் தெரிந்தான். நெருஞ்சி! அதே மஞ்சள் பூ, அதே தரையோடு படரும் கொடி, எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும் அதே காய். தாவரவியல் பெயரிலும் இரண்டும் ஒன்றுதான். நம் பாட்டிகள் நீர்க்கடுப்புக்குக் கஷாயம் வைத்தது, இங்கே ஊர் முழுக்கச் சைக்கிள் பஞ்சர் ஆக்குகிறது. அதனால்தான் இங்கே டியூபே இல்லாத டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றி ஓட்டுகிறார்கள். முள் குத்தினால் ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும். என் ஹார்ட்டெயிலில் அது இல்லை.

இதற்கு ஊரில் ஒரு திருவிழாவே நடக்கிறது. ஆகஸ்டில் கோட்ஹெட் ஃபெஸ்ட். கோடை முழுக்க மக்கள் தெருவோரத்து நெருஞ்சியைப் பிடுங்கிப் பை பையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்; பைக்குப் பதில் விழாவில் குடிக்க டோக்கன். அன்றைக்கு வேஷம் கட்டிக்கொண்டு சைக்கிள் ஊர்வலம். கேட்டதும் நம்பவில்லை, அக்கா வீட்டு ஷெட்டில் கட்டி வைத்திருந்த பையைக் காட்டிய பிறகு நம்பினேன். மூட்டையில் பாதி அவள் பிடுங்கியது.

டியூப் மாற்றி, மேலே போய், ஓடைப்பாதையில் இறங்கினேன். மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினேன். ஓரிடத்தில் பாதை இரண்டு கிரானைட் பாறைகளுக்கு நடுவே நழுவி ஓடைக்கு மேலாகத் திரும்புகிறது. அங்கே வழியைப் பார்த்தேன், கல்லைப் பார்க்கவில்லை. எதிரே யாரும் இல்லை. அதைப்பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் அந்தப் பதினைந்து நொடி எழுத்தில் வராது.

பதினெட்டாம் தேதி அதே பாதையில் அக்காவோடு நடந்து போனேன். கீழிருந்து மேலே. சுடிதார், கான்வாஸ் ஷூ, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவள் முழங்கால் என்னுடையதைவிட ஆறு வருடம் மூத்தது. அந்த இரண்டு பாறை வந்தது. நின்று, மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுலயா நேத்து வந்தே?"

ஆமாம் என்றேன்.

"உனக்குக் கிறுக்கா?" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பைப் போல் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு பாதையின் நட்டநடுவே ஏறத் தொடங்கினாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, மேலே வளைவை எட்டிப் பார்க்கவில்லை, மணிச்சத்தத்துக்குக் காது கொடுக்கவில்லை. வெயில் ஏறும் முன் மேலே போய்விட்டோம். இறங்கி வந்து கார் நிறுத்துமிடத்தில், ஓரமாக ஒரு மஞ்சள் பூ தெரிந்தது. குனிந்து, வேரோடு சுருட்டிப் பிடுங்கி, பைக்குள் போட்டுக்கொண்டாள்.